பதினேழாவது புள்ளி

முதல் வாரமே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வம்பும் வந்திருக்காது. அன்றைக்கென்று அலுமிதாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை ஆய்வுக்கூட வகுப்பு. முப்பத்துநாலு பேர். அவளே மூன்றாம் ஆண்டு மாணவி. அவளைப் பிடித்து இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு உதவி ஆசிரியை என்று உட்கார வைத்திருந்தார்கள். பாடத்தின் பெயர் கணினிவழிச் சமூக ஆய்வு. பெயரைச் சொன்னால் வாய் நிறையும். செய்வதென்னவோ, ஜனங்கள் யார் யாரோடு பழகுகிறார்கள், எதற்குச் சேர்கிறார்கள், எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் கணினியில் கொட்டி எண்ணிப் பார்ப்பதுதான். சுவா நகரத்தில் இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு மார்க் கிடையாதே.

பெயர் வாசித்துக்கொண்டே வந்தாள். பதினேழாவது பெயர், அபிசாய். நிமிர்ந்து பார்த்தால் கடைசி வரிசையில் அவனேதான். அவனும் பார்த்துவிட்டான். பார்த்த அடுத்த நொடி பையை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் முன்னால் நடக்கிற மாதிரி முதுகை வளைத்து, அறையை விட்டு வெளியே போய்விட்டான். வேறு வகுப்புக்காரன் வழி தப்பி வந்துவிட்டான் என்று யாரோ சிரித்தார்கள். அலுமிதா பதினெட்டாவது பெயரை வாசித்தாள்.

அவள் தாத்தாவும் அவன் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். நம் பேச்சில் சொன்னால் பங்காளி வீட்டு அண்ணன். அவர்கள் ஊரில் வயசுக்கு வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஒரே அறையில் உட்காரக் கூடாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சண்டையெல்லாம் கிடையாது, மரியாதை. சுவாவில் பாதிப்பேர் இதைக் காற்றில் விட்டாயிற்று. அண்ணனும் தங்கையும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிக்கிறார்கள். அலுமிதாவின் அப்பா ஊர்க்காரர்கள் விடவில்லை, விடவும் மாட்டார்கள். அவள் அபிசாயோடு கடைசியாகப் பேசியபோது அவளுக்குப் பத்து வயசு. அதுவும் ஒரு நண்டு யாருக்கு என்ற சண்டை.

மறுநாள் வேலைக்கான படிவத்தில் ஒரு கேள்வி வந்தது. உங்கள் பிரிவில் உறவினர் யாராவது படிக்கிறார்களா? கீழே அடைப்புக்குள், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர். இந்தப் படிவத்தின் கணக்குப்படி தாத்தாவோடு பிறந்தவரின் பேரன் உறவே இல்லை. ஊர்க் கணக்குப்படி அவன் அண்ணனேதான். எந்தக் கணக்கில் பதில் சொல்வது? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். கேட்டவர்கள் கணக்கிலேயே சொல்லிவிட்டுப் போவோம் என்று 'இல்லை' என்பதில் டிக் போட்டாள். அவன் எப்படியும் இன்னொரு உதவி ஆசிரியன் அவினேஷின் பிரிவுக்கு மாறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் மாறவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. வாராவாரம் பதினேழாம் எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டே வந்தாள். கேள்வி கேட்பதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதிலும் அவன் ஒரு வரி எழுதியதில்லை. வீட்டுப்பாடங்கள் மட்டும் நேரம் தவறாமல் வந்து சேர்ந்தன, அதுவும் நன்றாகவே செய்யப்பட்டு. வகுப்புக்கே வராதவன் எப்படிச் செய்கிறான்? யாரையாவது பார்த்து எழுதுகிறானோ? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

ஆறாவது வாரம் வகுப்பையே ஒரு வலையாக வரைந்து பார்க்கிற பயிற்சி. கேள்வியை எழுதியது அலுமிதா. 'இந்த வகுப்பில் நீங்கள் யார் யாரோடு பேசுவீர்கள்?' எல்லோரும் நிரப்பி அனுப்பினார்கள். பட்டியலில் இருக்கிற ஆளுக்கொரு புள்ளி, பேசுகிறவர்களுக்கு நடுவில் ஒரு கோடு. திரையில் படம் விரிந்ததும் வகுப்பே ஹோ என்று கத்தியது.

"மிஸ், அந்த ஓரத்துல ஒண்ணு தனியா கெடக்கே, அது யாரு?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. அது யாரா இருந்தா என்ன? யாரோடயும் உறவே இல்லாத புள்ளி. எடுத்துட்டாலும் வலைக்கு ஒண்ணும் ஆகாது. இப்போ பாருங்க."

ஒரு பொத்தானை அமுக்கினாள். புள்ளி காணாமல் போனது. படம் அசையவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். வகுப்பு இவ்வளவு கலகலப்பாகப் போனதே என்று அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறைத்து வைத்திருந்த வரிசை எண்களை எடுத்து அந்தப் புள்ளி யாரென்று பார்க்கத் தோன்றவேயில்லை.

அந்த உற்சாகத்தில் இன்னொரு காரியமும் செய்தாள். வருகை, இணையக் கேள்விகள், வாய்மொழித் தேர்வு மூன்றையும் கூட்டி, தேறாதவர்களைத் தானாகப் பட்டியல் போடுகிற சின்னதாய் ஒரு நிரல் எழுதினாள். பேராசிரியை டாக்டர் ஷலேஷ்னி, "பிரமாதம் அலுமிதா! இனிமே நான் உட்கார்ந்து தேட வேண்டாம்" என்று முதுகில் தட்டினார். பருவம் முடிகிற வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தப் பட்டியல் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போகும். பட்டியலில் பெயர் இருந்தால் உதவித்தொகை நிற்கும். நின்றால் அபிசாய் மாதிரி ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் தீவுக்குப் போக வேண்டியதுதான். இருபத்துநாலு வயசில், நாலு வருஷம் மீன் படகில் வேலை பார்த்துவிட்டு, அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவன் அவன். நிரல் எழுதும்போது இதெல்லாம் அவள் மண்டையில் ஏறவில்லை. பத்தாவது வாரம் சோதனை ஓட்டம் ஓட்டியபோது திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டால் பெயர் கழன்றுவிடும். ஐந்தே நிமிஷம். உதவி ஆசிரியர் தன் வாயால் கேட்க வேண்டும், மாணவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும், முழுவதையும் மடிக்கணினி படம் பிடிக்க வேண்டும். வேறு ஆளை நடுவில் வைக்கக் கூடாது. விதி இப்படி. இவர்கள் ஊரைக் கேட்டா விதி போடுகிறார்கள்?

பருவத்தின் கடைசிப் புதன்கிழமை இரண்டு நாற்பதுக்கு அபிசாய் வந்தான். வருவான் என்று அவள் நினைக்கவே இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றிய கறுப்பு சுலு, கையில் ஒரு நோட்டு. வாசற்படியிலேயே பக்கவாட்டில் நின்றுகொண்டான். பார்வை தரையில். அலுமிதாவின் பார்வை மேஜையில். மடிக்கணினியில் சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்தது.

முதல் கேள்வி அவள் முன்னால் தாளில் இருந்தது. நீங்கள் எழுதிய நிரலில் மூன்றாம் வரி என்ன செய்கிறது? இதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இங்கிலீஷில் கேட்டால் அது பேச்சில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுப் பார்த்தாள். சேராமல் எப்படி? சுவரைப் பார்த்துக் கேட்டால்? சுவரா பதில் சொல்லும்? தான் டீச்சரா, தங்கச்சியா? டீச்சர் என்றால் கேட்காமல் இருப்பது குற்றம், தங்கச்சி என்றால் கேட்பது குற்றம். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எவளை எழுப்பி வெளியே அனுப்புவது? கேட்டுத் தொலைத்தால்தான் என்ன, வானமா இடிந்து விழும்? விழாது. ஆனால் அவன் முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பாள்? ஊருக்குப் போனால் அவளை யார் பார்ப்பார்கள்? வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷமும் போயிற்று. அபிசாய் கையை நீட்டி நோட்டை மேஜை ஓரத்தில் வைத்தான். குனிந்துகொண்டே வெளியே போனான்.

அவள் நோட்டைத் திறந்தாள். முதல் வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரைக்கும், தேதி போட்டு, அவள் வகுப்பில் சொன்னது அத்தனையும் இருந்தது. பலகையில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னவை, நடுவில் அவள் அடித்த அசட்டு ஜோக்கு, "இது பரீட்சைக்கு வரும், தூங்காதீங்க" என்று அதட்டியதுகூட இருந்தது. வராதவன் எப்படி இதையெல்லாம் எழுதினான்?

பக்கத்து ஆய்வுக்கூடத்து உதவி ஆசிரியன் அவினேஷ் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி உப்பிப்போன மீன் டின் மாதிரி இருக்கு?"

"டேய், விளையாடாதே. இந்த அபிசாய் யாரைப் பார்த்து எழுதுறான்னு உனக்குத் தெரியுமா?"

"அபிசாயா? ஜன்னல்காரன்தானே?"

"என்ன ஜன்னல்?"

"உன் வகுப்பு வராந்தால, பட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்கே, அதுக்கு வெளியில. வாராவாரம் நிக்கிறானே! மழை அடிச்சாலும் நோட்டை சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு நிப்பான். நான்கூட உள்ள எதோ பொண்ணுக்காக நிக்கிறான்னு நெனச்சு, 'யாருடா அவ, சொல்லு, நான் தூது போறேன்'னு கிண்டல் பண்ணினேன். அவ்வளவுதான், ஒரு மொறை மொறைச்சான் பாரு, எனக்கு ரொட்டியே எறங்கல."

"ஓய்லே!" என்று தன் ஊர்ப் பாஷையில் கூவினாள் அலுமிதா.

"அவனை என் பிரிவுக்கு வந்துடுன்னு சொன்னேன். மாறணும்னா இப்போ இருக்கிற உதவி ஆசிரியர்கிட்ட நேர்ல போய்க் கையெழுத்து வாங்கணுமாம். 'அது முடியாது, விடு'ன்னுட்டான். ஏன் முடியாது? உன்னைக் கண்டா பயமா? உன்னைக் கண்டு எவன் பயப்படுவான்?"

அவள் ஆறாவது வாரத்துப் பக்கத்தைப் புரட்டினாள். சின்னச் சின்ன எழுத்தில், கோணாமல் எழுதியிருந்தான். 'யாரோடும் உறவில்லாத புள்ளி. எடுத்துவிட்டாலும் வலைக்கு ஒன்றும் ஆகாது.' கீழே பென்சிலால் ஒரு கோடு. மடிக்கணினியில் அந்தப் படத்தைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். பதினேழு.

அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் இதைக் கேட்டான். வகுப்பு சிரித்ததைக் கேட்டான். அவள் சிரித்ததையும் கேட்டான். யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்கத் தெரிந்த கழுதைக்கு, யாரிடம் பேசக் கூடாது என்று கேட்கத் தோன்றவில்லை. வெளியூர்க்காரி எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினாள் என்று விடலாம். இவள் அந்த ஊர்ப்பெண். அவமானம் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை காலை டாக்டர் ஷலேஷ்னியே கூப்பிட்டு அனுப்பினார். இந்த நாட்டிலேயே லௌட்டோகா நகரத்தில் பிறந்தவர், இருபது வருஷம் பிரிஸ்பேனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கதவைச் சாத்திவிட்டு, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அந்த ஐந்து நிமிஷம். வாசலில் அவன், மேஜையில் இவள், கூரையில் மழை.

"அலுமிதா, நான் உன்னைத் திட்டப் போறதில்ல. என் பொண்ணு வயசு உனக்கு. மனசுல வெச்சுக்காம சொல்லு. உனக்கும் இந்தப் பையனுக்கும் நடுவுல... ஏதாவது இருந்துச்சா? பழகிட்டுப் பிரிஞ்சிட்டீங்களா?"

அலுமிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஐயோ டாக்டர்! என்ன கேக்கறீங்க நீங்க! அவன் என் அண்ணன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது. டாக்டர் ஷலேஷ்னி கண்ணாடியைக் கழற்றினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அவள் டிக் போட்ட படிவம்.

"உறவினர் இல்லைன்னு எழுதியிருக்கே?"

"இந்தத் தாள் கேக்கற மாதிரி உறவு இல்ல டாக்டர். தாத்தாவும் தாத்தாவும் கூடப்பிறந்தவங்க."

"அப்போ உறவு இல்லதானே?"

"இருக்கு."

"எனக்குத் தலை சுத்துது. இருக்கா, இல்லையா?"

"எனக்கும்தான் சுத்துது டாக்டர், பத்து வாரமா" என்றாள். பிறகு நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, ஜன்னலைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், பேசக் கூடாததைச் சொன்னாள். முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னாள். டாக்டர் ஷலேஷ்னி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறாவது வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"சரி, கேட்டுக்கோ" என்றார் கடைசியில். "உறவு இல்லைன்னு நீ போட்ட டிக் சரின்னா, அவனை வேற பிரிவுக்கு மாத்த எனக்குக் காரணம் கிடையாது. நாளைக்குப் பட்டியல் போயிடும். உறவு இருக்குன்னு நீ இப்போ எழுதிக் கொடுத்தா, அவினேஷ் நாளைக்குக் காலைல அவனுக்குத் தேர்வு வெப்பான், வருகையை நான் இந்த நோட்டைப் பார்த்துப் போடுவேன். ஆனா நீ முதல்ல மறைச்சதா ஆயிடும். நான் மேல எழுதியே ஆகணும். இந்த வேலை உனக்கு இருக்காது. அடுத்த வருஷமும் கெடைக்காது."

இந்த வேலைக்காக அவள் இரண்டு வருஷம் நாயாக உழைத்திருந்தாள். ஊரில் அப்பா, "என் பொண்ணு காலேஜுல டீச்சர்" என்று ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி வைத்திருந்தார். வேலை போனால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்னவென்று சொல்வது? அண்ணனை அண்ணன் என்று சொல்லாததாலா, சொன்னதாலா?

"அவன் உன்னை இப்படி எழுதச் சொன்னானா? அவனாக் கேட்டானா?"

"அவன் எப்படிக் கேப்பான் டாக்டர்?" என்றாள் அலுமிதா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டர் ஷலேஷ்னி காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

புதுப் படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அவினேஷ் ஓடி வந்தான். இருபதுக்குப் பதினாலு. பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது.

"மூணாவது வரியைக் கேட்டேன், ஏழாவது வரி வரைக்கும் சொல்லிட்டுப் போறான்! போதும்டா சாமின்னு நானே நிறுத்தினேன்."

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னானா?"

"இல்லியே."

"ஒண்ணுமேவா?"

"உனக்கு வேலை போனது அவனுக்குத் தெரியும். நான்தான் உளறிட்டேன். கேட்டுக்கிட்டு அப்படியே தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் போயிட்டான். என்ன ஆளுங்கப்பா நீங்க?"

என்ன ஆளுங்க என்று அவளுக்கு மட்டும் தெரியுமா? நடுவில் ஆள் வைத்துச் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று ஒரு மனசு. சொல்லாமல் இருந்ததுதான் அழகு என்று இன்னொரு மனசு. சாயங்காலம் வரைக்கும் இரண்டு மனசும் மாறி மாறி அடித்துக்கொண்டன. மேஜையைக் காலி செய்தாள், சாவியைக் கொடுத்தாள், பஸ்ஸுக்கு நடந்தாள்.

மழை விடவே இல்லை. பஸ்ஸில் ஏறி, ஈரக் குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தால் மூன்றாவது இருக்கையில் அபிசாய். அவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்த பஸ். அடுத்தது முக்கால் மணி கழித்துத்தான் வரும். அவளைப் பார்த்ததும் எழுந்தான். தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். குடை இல்லை. அவினேஷ் காலையில் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அது நன்றியா, வெறும் வழக்கமா? என்றைக்கும் செய்வதைத்தான் இன்றைக்கும் செய்தானா? யாரிடம் போய்க் கேட்பது?

டிரைவர் ராம் சமி வாய் ஓயாத ஆள். கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, உன்னைப் பார்த்ததும் அந்தப் பையன் மழையில குதிச்சு ஓடுறான்? யாரு அவன்?"

"எங்க அண்ணன்."

"அண்ணனா! நல்ல அண்ணன்! ஒரு வார்த்தை பேசல, தங்கச்சியைக் கண்டுக்காம போறான்?"

"அதைவிட ஒருத்தன் எப்படிங்க கண்டுக்க முடியும்?" என்றாள் அலுமிதா, அவன் விட்டுப்போன இருக்கையில் உட்கார்ந்துகொண்டே. ராம் சமிக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியைக் கிளப்பினார்.